அரக்குச் சீலையும் வெள்ளை பல்பும்

"விளக்கு வெளிச்சத்திலை நிறம் கலக்காதை, விடிஞ்சாப் பிறகு கலக்கு." எனக்குத் தூரிகை பிடிக்கப் பழக்கியவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற ஒரு அண்ணை. அவர் சொன்ன இந்த ஒரு விதியோடு நான் இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் அதைச் சொன்ன காலத்தில் வன்னியில் பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்குத்தான் படிப்புக்கும் சமையலுக்கும். அந்தச் சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1900 கெல்வின்; வெளிச்சம் மஞ்சள் பக்கமோ நீலப் பக்கமோ என்று சொல்லுகிற அளவு அது, இலக்கம் கூடக் கூட நீலம். சிவப்பும் மஞ்சளும் அதில் தாராளம், நீலம் அருமை. வெளிறிய மஞ்சளையும் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதென்று பிரிக்கமாட்டீர்கள். கருநீலமும் கறுப்பும் ஒன்றாய்க் கிடக்கும். அந்த விளக்கில் கலக்காதே என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் இன்றைக்கு அந்த விதியை எப்படிக் கடைப்பிடிப்பது? கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்து படம் கீறுகிற எவரும் படம் கீறியே சோறு தின்பவர்கள் இல்லை. ஒருவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், ஒருவர் ஓட்டோ ஓடுகிறார், நான் அலுவலகத்தில் கோப்புப் பார்க்கிறேன். வேலை முடிந்து வீடு வந்து, குளித்து, ஒரு தேத்தண்ணி குடித்து நிமிர ஆறரை. இந்த அகலக்கோட்டில் வருடம் முழுக்க ஏறத்தாழ அந்த நேரத்துக்குள் பொழுது பட்டுவிடும். மேற்கு நாட்டுக்காரருக்குக் கோடையில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கிறது, எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே எங்களுடைய படங்களில் பெரும்பங்கு இரவில் பிறந்தவை. இரவில் கலக்காதே என்றால் கீறாதே என்று சொல்வதற்குச் சமம். எந்த வெளிச்சத்தில் கலக்கலாம் என்று கேட்பதுதான் எங்களுக்குப் பிரயோசனமான கேள்வி. அந்தக் கேள்வியை எனக்குத் திருப்பிப் போட்டவர் ஓவியரோ விஞ்ஞானியோ இல்லை, விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவர்.

வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்த துண்டு

இறந்துபோன மகளின் படத்தைப் பெரிதாகக் கீறித் தரவேண்டும் என்று கேட்டுத்தான் அவர் வந்தார். கொண்டு வந்தது எண்பதுகளில் ஸ்ரூடியோவில் எடுத்த ஒரு கலர்ப் படம். எத்தனையோ இடப்பெயர்வுக்குள்ளும் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றிய படம். அந்தக் காலத்துக் கலர்ப் படங்களை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அவை முழுக்கச் சிவந்து போயிருக்கும். படத்தாளில் மூன்று சாயங்கள் உண்டு. அவற்றில் நீலப்பச்சைச் சாயம்தான் அப்போதைய தாள்களில் பலவீனமானது. பெட்டிக்குள் இருட்டில் கிடந்தாலும் அது மெல்ல மெல்ல அழிந்துவிடும், மிஞ்சுவது சிவப்பு. முகம், சுவர், பூச்சாடி எல்லாமே செம்மண் தூசி படிந்த மாதிரி. அந்தப் படத்தைப் பார்த்துச் சீலையின் நிறத்தைச் சொல்ல முடியாது.

அது அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் இன்னொன்றும் கொண்டு வந்திருந்தார். விரல் நீளத்தில் ஒரு சீலைத் துண்டு, படத்தில் மகள் உடுத்திருக்கிற அதே சீலையின் கரையோரம். அரக்கு நிறம். ஓரத்தில் சரிகை ஓடிய தடம் இருந்தது, சரிகை கறுத்துவிட்டது. "சீலை இந்த நிறத்திலை வரவேணும் தம்பி. மற்றது உங்கடை இஷ்டம்" என்றார்.

அரக்கு என்பது லேசில் வருகிற நிறமில்லை. நான் எப்போதும் செய்வதுபோல, படத்தில் கைவைக்க முன் மட்டையில் மூன்று கீற்றுகள் பூசிக் காயவிட்டேன். அக்கிரிலிக் பெயின்ற் காய்ந்தால் ஒரு படி கறுக்கும், ஈரத்தில் பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது. ஒரு கீற்று குயினாக்ரிடோன் வகைக் கிரிம்சன் என்கிற ஆழ்ந்த சிவப்போடு கொஞ்சம் கபில நிறம் சேர்ந்தது. பழைய அலிசரின் கிரிம்சன் இன்னும் அழகாய் வரும், ஆனால் வெளிச்சம் பட்டு வருடக்கணக்கில் மங்கும் என்பதால் நினைவுப் படங்களுக்கு நான் அதைத் தொடுவதில்லை. இரண்டாவது கீற்று இரும்பு ஒட்சைட்டுச் சிவப்பில், எங்களுடைய காவி மண் மாதிரியான அந்தச் சிவப்பில், கலந்தது. மூன்றாவது கட்மியம் சிவப்பும் அல்ட்ராமரின் நீலமும். மூன்றையும் துணியோடு வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கொஞ்சம் ஊதா அடித்தது, கழித்துவிட்டேன். முதல் இரண்டும் துணிக்கு வெகு கிட்ட.

மறுமுறை அந்த அம்மா வந்தபோது மட்டையையும் துணியையும் கையில் கொடுத்தேன். முன் அறை பல்பின் கீழ் ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் எழும்பி வாசலுக்குப் போனார். சீலைக் கடைக்கு எங்கள் அம்மாமாரோடு போன எல்லாருக்கும் அந்த நடை தெரியும். கடைக்காரர் உள்ளுக்குள் எவ்வளவு லைற் போட்டு வைத்திருந்தாலும், எடுத்த சீலையின் ஒரு தலைப்பை வாசலுக்குக் கொண்டுபோய் வானத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்கமாட்டார்கள். சாய ஆலைகளிலும் பெயின்ற் ஆலைகளிலும் நிறப் பரிசோதனைப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், பழைய இழை பல்பு வெளிச்சம் என்று சுவிச்சை மாற்றி மாற்றி ஒரே துணியைப் பார்ப்பார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போன இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து போவதைக் கண்டுபிடிக்கத்தான் அது. மெற்றமெரிசம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தப் பெட்டி செய்கிற வேலையை எங்கள் அம்மாமார் கடைவாசலில் நின்றே செய்திருக்கிறார்கள்.

வாசலில் நின்று அந்த அம்மா சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. "இஞ்சை ரெண்டும் சரியாத்தான் கிடக்கு தம்பி. ஆனா நான் பகலிலை அவளைப் பாக்கிறேல்லை. தோட்டத்தாலை வந்து, விளக்கு வைச்சுப்போட்டு, அதுக்குப் பிறகுதான் கொஞ்ச நேரம் முன்னுக்கு இருப்பன். இரவிலை இது எப்பிடித் தெரியும்?"

அதுவரை நான் என் மேசைக்கு மேலே இருக்கிற விளக்கைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். படம் தன் வாழ்நாளைக் கழிக்கப்போகிற வீட்டின் விளக்கைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வெள்ளையோ, மஞ்சளோ?

நகரத்தில் எந்த மின்சாமான் கடைக்குப் போனாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அண்ணை, வெள்ளையோ மஞ்சளோ?" வெள்ளை என்றால் 6500 கெல்வின், பெட்டியில் பகல் வெளிச்சம் என்று போட்டிருக்கும். மஞ்சள் என்றால் 2700 அல்லது 3000. இங்கே பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் வெள்ளைதான். 2022இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூட நிறுத்தினார்கள், அப்போது வாங்கிய சார்ஜ் லைற்றுகளும் அதே வெள்ளைதான்.

பெட்டியில் இருக்கிற அந்த 6500ஐ நம்பித்தான் நிறையப் பேர் நிறம் கலக்கிறார்கள். உலகம் முழுக்கப் பெயின்ற், துணி நிறம் பார்க்கிறவர்களின் நியமப் பகல் வெளிச்சத்துக்கும் இலக்கம் கிட்டத்தட்ட அதேதான், டி65 என்பார்கள். அச்சுத்தொழில்காரர் டி50 என்கிற 5000 கெல்வின் வெளிச்சத்தைப் பாவிக்கிறார்கள். இலக்கம் ஒன்றாய் இருந்தால் வெளிச்சமும் ஒன்றாய்த்தானே இருக்கும் என்று தோன்றும். அப்படியில்லை. கெல்வின் சொல்வது வெள்ளை நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும். அந்த வெள்ளைக்குள் என்னென்ன நிறக் கதிர்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை அது சொல்லாது.

எல்.ஈ.டி. பல்பு வெள்ளையை உண்டாக்குகிற விதத்தைத் தெரிந்துகொண்டால் விஷயம் பிடிபட்டுவிடும். உள்ளே இருப்பது நீல விளக்கு. அந்த நீலத்தைச் செய்துகாட்டியதற்குத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்துக்கு மேலே ஒரு மஞ்சள் பொசுபர் பூச்சு. நீலத்தில் ஒரு பங்கு பூச்சைத் தாண்டி அப்படியே வரும், மிச்சத்தைப் பூச்சு உறிஞ்சி மஞ்சளாக விடும். நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளை. மலிவுப் பல்பில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கும், ஆழ்ந்த சிவப்பு அடியோடு மெலிந்திருக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அரக்குச் சீலையை விரித்தால்தான் தெரியும். அரக்கு கண்ணுக்குத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அந்த ஆழ்ந்த சிவப்பைத்தான். வராத வெளிச்சத்தை அது எங்கிருந்து அனுப்பும்?

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கலியாண வீட்டு வீடியோ போட்ட பழைய சீடி ஒன்று எல்லார் வீட்டிலும் கிடக்கும். இரவில் ஒரு பல்பை மட்டும் போட்டு, சீடியின் பின்பக்கத்தைச் சரித்துப் பிடித்து, அதில் விரிகிற வானவில்லைப் பாருங்கள். பழைய இழை பல்பென்றால் நீலத்திலிருந்து சிவப்புவரை இடைவெளியில்லாமல் ஓடும். பழைய ரியூப் லைற்றென்றால் துண்டு துண்டாகக் கோடுகள். எல்.ஈ.டி. என்றால் நீலம் பளிச்சென்று நிற்கும், அதற்கடுத்து ஒரு மங்கல், பிறகு பச்சை மஞ்சள், பிறகு சிவப்பு சட்டென்று தேய்ந்துபோகும். என்னிடம் சித்திரம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். தூரிகையெல்லாம் பிறகு.

பெட்டியில் சீ.ஆர்.ஐ. 80 என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான அளவு அது. உச்சம் 100. ஆனால் அந்த இலக்கம் எட்டுச் சோதனை நிறங்களின் சராசரி, எட்டும் அவ்வளவாக அழுத்தமில்லாத நிறங்கள். அழுத்தமான சிவப்பு ஆர்9 என்ற ஒன்பதாவது நிறம், அது சராசரியில் சேராது. 80 என்று போட்ட பல்பொன்றில் ஆர்9 பூச்சியத்தை ஒட்டியும் இருக்கலாம், பூச்சியத்துக்குக் கீழேயும் போகலாம். இன்னொரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதே வரிசையில் 13ஆவது சோதனை நிறம் மனிதத் தோலுக்கென்று வைத்தது, வெளிறிய மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு. யாருடைய தோல் அது? எங்கள் கறுப்பையும் மாநிறத்தையும் அள்ளிக் கொடுப்பது உள்ளிருந்து வருகிற சிவப்பு. சிவப்பு இல்லாத வெளிச்சத்தில் எங்கள் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். உருவப்படம் கீறுகிறவன் அந்த வெளிச்சத்தில் தோலுக்கு நிறம் கலந்தால், சாம்பலைச் சரிக்கட்டச் சிவப்பை அள்ளிக் கொட்டுவான், விடிந்தபின் பார்த்தால் முகம் வெயிலில் வெந்த மாதிரி இருக்கும். ஊரில் எத்தனையோ நினைவுப் படங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். கீறியவரின் கையில் பிழையில்லை, அவருடைய மேசை பல்பில்தான் பிழை.

வடக்கு யன்னல்

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஓவியம் பற்றிய ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு யன்னலைப் புகழும். அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்பதால் வடக்கு யன்னலில் நேர் வெயில் பெரும்பாலும் விழாது, காலையிலிருந்து மாலைவரை ஏறத்தாழ ஒரே சீரான வானவெளிச்சம். நானும் வீடு கட்டும்போது வடக்கே யன்னல் வைக்கத்தான் சொன்னேன், அதில் குறையில்லை. ஆனால் வன்னி இருப்பது வட அகலக்கோடு ஒன்பது பாகையை ஒட்டி. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்களுடைய உச்சந்தலைக்கு நேரே வரும். அதிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். நடுப்பகலில் தாழ்வாரம் காப்பாற்றிவிடும். காலையும் மாலையும் சரிந்த வெயில் வடக்கு யன்னலுக்குள்ளேயே வரும்.

வெயிலைவிடப் பெரிய தொல்லை முற்றம். வெளியே செம்மண், அதில் வெயில் அடித்தால் அறையின் கூரைத் தகரம்வரை ஒரு காவிச் சாயல் ஏறும். முற்றத்தில் மாமரம் என்றால் பச்சை. மீள்குடியேறிய காலத்தில் நீலத் தறப்பாளுக்குக் கீழே இருந்து கீறியவர்கள், எல்லாம் நீலத்தில் குளித்திருந்த அந்த நாட்களை மறக்கமாட்டார்கள். பகல் வெளிச்சம் என்பதும் ஒன்றில்லை. தெளிந்த வானத்து நிழல் 10,000 கெல்வினையும் தாண்டும், நேர் வெயில் 5500 அளவில் நிற்கும், பொழுது சாயச் சாய இன்னும் இறங்கும். ஆகவே பகலை மட்டும் கும்பிடுவதிலும் நியாயமில்லை. நல்ல விளக்கொன்று கிடைத்தால் அது மணிக்கு மணி மாறாது, முகில் வந்தால் மங்காது. அந்த ஒழுங்கு எந்த யன்னலிலும் கிடைக்காது.

விசுவமடுவில் ஒரு இரவு

மட்டையையும் துணியையும் எடுத்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்கு இரவில் போனேன். முன் விறாந்தை, அதை ஒட்டி ஒரு சின்ன மண்டபம். சுவர் வெளிர்பச்சை. நடுவில் வயரில் தொங்குகிற ஒரு வெள்ளை பல்பு. படம் வரப்போகிற இடத்துக்குக் கீழே தட்டில் ஒரு சிட்டி விளக்கு. துணியைப் பல்பின் கீழ் வைத்ததும் எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அரக்கு போய், காய்ந்த புளியம்பழத்துக் கபிலம் வந்திருந்தது. கிரிம்சன் கீற்றும் துணியோடு சேர்ந்து அப்படியே கபிலமானது. ஒட்சைட்டுக் கீற்று மட்டும் அவ்வளவு செத்துப் போகவில்லை. துணியைவிடச் சிவப்பாக, பகலில் பார்த்த அரக்குக்குக் கிட்டவாகத் தெரிந்தது.

அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கரண்ட் வந்து இந்த லைற் போட்டதிலை இருந்து துண்டு மங்கிக்கொண்டு போகுது எண்டுதான் நினைச்சனான் தம்பி. வெளியிலை எடுத்தா இன்னும் மங்கும் எண்டு பெட்டியை விட்டு எடுக்கிறேல்லை. அண்டைக்கு உங்கடை வாசலிலைதான் கன காலத்துக்குப் பிறகு அந்த நிறத்தைக் கண்டனான்."

துணி மங்கவில்லை. இத்தனை வருடமும் துணி தன் நிறத்தோடுதான் இருந்தது.

பல்பை அணைத்துச் சிட்டி விளக்கின் சுடரில் பார்த்தோம். துணி உயிர்த்துக்கொண்டது, கூடவே கிரிம்சன் கீற்றும். இம்முறை ஒட்சைட்டுக் கீற்றுத்தான் ஒதுங்கி, செங்கல் மாதிரி நின்றது. இப்போது என் முன்னால் இரண்டு வழி. ஒட்சைட்டை எடுத்தால் அந்த வெள்ளை பல்பின் கீழ் படத்துச் சீலை ஓரளவு அரக்காகத் தெரியும். அவர் தினமும் பார்க்கிற வெளிச்சம் அதுதானே, அதற்கேற்பக் கலப்பதில் என்ன பிழை என்று கேட்கலாம். கிரிம்சனை எடுத்தால் துணி எந்த வெளிச்சத்தில் எப்படி மாறுகிறதோ அப்படியே படமும் மாறும், நல்ல வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று, கெட்ட வெளிச்சத்தில் இரண்டும் சேர்ந்து வாடும். நான் கிரிம்சனைத்தான் எடுத்தேன். பல்பு சில வருடத்தில் போய்விடும், அதற்குப் பிறகு என்ன பல்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. படம் பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கவேண்டியது. வாடகைக்கு வந்த வெளிச்சத்துக்காக மகளின் சீலையை மாற்றிக் கீறுவது நியாயமாய்ப் படவில்லை.

படத்தைக் கொண்டுபோய் மாட்டிய நாளில் அந்தப் பல்பையும் மாற்றினேன். சீ.ஆர்.ஐ. 90க்கு மேல், ஆர்9 இலக்கமும் பெட்டியில் அச்சிட்டிருந்த, 3000 கெல்வின் பல்பு. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் கொண்டு வந்து தந்தவற்றில் ஒன்று. மண்டபத்துக்கு ஏன் மஞ்சள் என்றால், ஒற்றைப் பல்பு மட்டும் எரிகிற மங்கலான வீட்டில் 6500 கெல்வின் குளிர்ந்து, விறைத்துத் தெரியும். குறைந்த வெளிச்சத்துக்குச் சூடான நிறம்தான் கண்ணுக்கு இதம். அதோடு பக்கத்தில் எரிகிற சிட்டி விளக்கோடும் அது சண்டை பிடிக்காது.

என் மேசைக்கு மேலே

வேலை செய்கிற இடத்துக்கு மட்டும் நான் மஞ்சள் போடுவதில்லை. நீலத்தையும் ஊதாவையும் பிரித்தறிய நீலம் வேண்டும். என் மேசைக்கு மேலே 5000 கெல்வின் ரியூப் இரண்டு, சீ.ஆர்.ஐ. 95. 6500க்கு ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு: ஆலைகளின் நிறப் பரிசோதனைப் பெட்டிக்குள் அடிக்கிற வெளிச்சத்தின் அளவு என் அறையில் இல்லை, அந்த அளவில்லாமல் 6500 போட்டால் எல்லாம் நீலித்துத் தெரியும், கையும் தானாக மஞ்சளைக் கூட்டும். எந்த நிறத்தை எடுத்தாலும் ஒன்றையே எடுத்து, அறையில் வேறு விளக்கைக் கலக்காமல் விடுவதுதான் முக்கியம். யன்னலில் அந்தி வெளிச்சமும் மேலே ரியூப்பும் ஒன்றாய் இருக்கிற அந்த அரை மணித்தியாலம் நான் நிறம் கலப்பதில்லை. நிறம் கலக்கிற தட்டில் ஒரு வெளிச்சமும் படத்தில் இன்னொரு வெளிச்சமும் விழுந்தால் தட்டில் சரியான நிறம் படத்தில் ஏறியதும் பிழைக்கும்.

வெளிச்சத்தின் அளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் உருவப்படங்களை அதிகம் கெடுப்பது அதுதான். அச்சு நியமத்தில் நிறத்தை நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்த்து மதிப்பிட 500 லக்ஸ் என்று இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு மண்டபச் சுவரில் அந்த 500கூட விழாது. மிகப் பிரகாசமான விளக்கின் கீழ் கீறினால் நிறங்களைத் தெரியாமலே கறுப்பாகக் கலந்துவிடுவோம், மேசையில் பளிச்சென்று இருந்த படம் வீட்டுச் சுவரில் இருண்டு போகும். கைபேசியில் லக்ஸ் அளக்கிற செயலி இருக்கிறது. அது துல்லியமில்லை, ஆனால் என் மேசைக்கும் மாட்டப்போகிற சுவருக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று சொல்ல அது போதும்.

பல்பு வாங்கப் போகிறவர்களுக்கு: பெட்டியை விடுங்கள், உள்ளங்கையை நீட்டுங்கள். கடையில் பல்பைப் போட்டுக் காட்டச் சொல்லி அதன் கீழே கையை விரித்துப் பாருங்கள், விரல் நுனிகளில் இரத்தச் சிவப்புத் தெரியவேண்டும். மட்டைபோல வெளிறித் தெரிந்தால் வேண்டாம். பையில் ஒரு குங்குமச் சிமிழோ அரக்குத் துணியோ இருந்தால் இன்னும் நல்லது, பல்பின் கீழும் வாசலிலும் மாறி மாறிப் பாருங்கள். கைபேசிக் கமராவைப் பல்புக்குக் கிட்டப் பிடித்தால் கறுப்புப் பட்டைகள் ஓடினாலும் வேண்டாம். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், மலிவுப் பல்புகள் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். கண்ணுக்கு நேரே தெரியாது, ஆனால் நெடுநேரம் நுணுக்கமாய் வேலை செய்கிற பலருக்குத் தலையிடி தரும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சரித்து, வலக்கைக்காரர் இடப்பக்கம் மேலே வையுங்கள், கை நிழல் படத்தில் விழாது, பூச்சின் பளபளப்பும் கண்ணில் அடிக்காது. அறைச் சுவருக்கு வெளிர்பச்சை, ரோஸ் எல்லாம் அடிக்காதீர்கள். சாம்பலோ வெள்ளையோ போதும்.

இவ்வளவும் எழுதும்போது எங்கள் ஊர்க் கோயில்தான் அடிக்கடி கண்ணுக்கு முன்னால் வருகிறது. அம்மனுக்குச் சாத்துகிற சிவப்புப் பட்டும் குங்குமமும் நெய்விளக்குச் சுடருக்கென்றே பிறந்த நிறங்கள். சுடரில் சிவப்பு நிறைய இருப்பதால், தீபாராதனை காட்டுகிற கணத்தில் அந்தப் பட்டு பற்றியெரிகிற மாதிரி எழும்பும். சில வருடத்துக்கு முன் மூலஸ்தானத்துக்குள் வெள்ளை எல்.ஈ.டி. போட்டார்கள், நல்ல எண்ணத்தோடுதான், கும்பிட வருகிறவர்களுக்கு அம்மனின் முகம் தெரியட்டும் என்று. முகம் தெரிகிறது, பட்டு மங்கிப் போய்க் கிடக்கிறது. வசந்த மண்டபச் சுவரில் எழுதியிருக்கிற படங்களின் கதியும் அதுதான். திருவிழாவுக்கு முன்னம் நிர்வாகக் கூட்டம் நடக்கும். மச்சான் தந்த பல்பில் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது. அவற்றையும் அந்தச் சீடியையும் கொண்டுபோய், தலைவர் ஐயாவுக்கு முன்னால் ஒரு பட்டுத்துண்டை விரித்து, இரண்டு வெளிச்சத்திலும் காட்டிக் கேட்கப்போகிறேன். மூலஸ்தானத்துக்குள் மாற்ற அவருக்கு மனமில்லாவிட்டாலும், வசந்த மண்டபத்துக்காவது சம்மதிப்பார் என்று நம்புகிறேன்.